கிரெடிட் மீதமிருந்தும் கிளவுட் பில் வருவது ஏன், மீதத்தை எப்படிச் செலவிடுவது

கோத்தகிரிப் பகுதியில் சிறு தேயிலை விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கொள்முதலைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்துவதாகவும், புதிய நிறுவனங்களை வளர்க்கும் இன்குபேட்டர் ஒன்றின் பரிந்துரையால், சர்வர்களை இணையம் வழியே வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸ் தளத்தில் ஆயிரம் டாலர் சலுகைக் கிரெடிட் (பில்லில் கழித்துக்கொள்ளும் தொகை) கிடைத்ததாகவும், அதில் பாதிக்கு மேல் மீதமிருக்கும்போதே சென்ற மாதம் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் எடுத்தார்கள், மீதமுள்ள தொகையை ஏப்ரல் இறுதியில் காலாவதியாவதற்குள் எதில் செலவிடலாம், தீர்ந்த பிறகு குறைந்த விலைக்குக் கிரெடிட் விற்பவர்களிடம் வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். குன்னூரிலும் ஊட்டியிலும் சிறு நிறுவனங்களுக்கும் விடுதிகளுக்கும் சர்வர் பராமரிப்பது என் தொழில் என்பதால், இதே கேள்விகளைப் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தில், பிடிக்கப்பட்ட தொகை டொமைன் பதிவு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. உங்கள் இணைய முகவரி தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ரூட்53 என்ற அமேசானின் டொமைன் சேவை வழியாகப் பதிவு செய்யும் டொமைன்களுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு ஆரம்பத்திலேயே இயக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டணத்தைச் சலுகைக் கிரெடிட் ஈடு செய்யாது என்பது கிரெடிட்டின் நிபந்தனைகளிலேயே உள்ளது. அதே பட்டியலில் மார்க்கெட்பிளேஸ் என்ற அமேசானின் மென்பொருள் சந்தையில் வாங்கும் பிற நிறுவன மென்பொருள்கள், பயிற்சி மற்றும் சான்றிதழ்த் தேர்வுகள், தொழில்முறை ஆலோசனைச் சேவைகள், நீண்ட கால ஒப்பந்தத்தால் விலையைக் குறைக்கும் சேவிங்ஸ் பிளான் அல்லது ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் எடுக்கும்போது முன்கூட்டியே கட்டும் தொகை, கிரிப்டோ நாணயம் தோண்டும் பணி ஆகியவையும் இருக்கின்றன. மார்க்கெட்பிளேஸில் குறிப்பாகக் கவனம் வேண்டும். அங்கிருந்து ஆயத்த சர்வர் படிமம் ஒன்றை எடுத்து இயக்கினால், சர்வருக்கான வாடகை கிரெடிட்டில் கழியும். அதன் மேலுள்ள மென்பொருளுக்கு மணிக் கணக்கில் கட்டணம் இருந்தால் அது அட்டைக்குப் போகும். ஒரே இயந்திரம் பில்லில் இரண்டு இடங்களில் நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வேறு காரணங்களாலும் இது நேரலாம். கிரெடிட் குறியீட்டை எந்த மாதம் கணக்கில் சேர்க்கிறோமோ அந்த மாதத்திலிருந்துதான் அது செல்லும். முடிந்துபோன மாதத்தின் பில்லுக்குப் பின்னோக்கிச் செல்லாது. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் எந்தெந்தச் சேவைகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியல் தனியாக உண்டு. பில்லிங் பக்கத்தில் கிரெடிட்ஸ் என்ற பகுதியில் அதைப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கிரெடிட் இருந்தால் முதலில் காலாவதியாவது முதலில் கழியும்; காலாவதி நாள் ஒன்றாக இருந்தால் குறைவான சேவைகளுக்குப் பொருந்துவது முன்னால் கழியும்; அதிலும் சமமானால் பழையது முன்னால். இந்த வரிசை நமக்குச் சாதகமானதுதான். இன்னொன்று, உங்கள் கணக்கை இன்குபேட்டரின் நிறுவனக் கணக்குக்குள் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி இணைத்திருந்தால் கிரெடிட் பகிர்வு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். உங்கள் கணக்கின் செலவு போக மீதமிருப்பது அந்த நிறுவனக் கணக்கின் கீழுள்ள பிற கணக்குகளுக்கும் போய்ச் சேரும். அதை நிறுத்தும் அதிகாரம் மேலாண்மைக் கணக்கு வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

சென்ற மாதத்தின் டொமைன் கட்டணம் சிறிய தொகைதான். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் இன்னொரு வரி: "மாதாமாதம் பில் பூஜ்யம் என்றே வந்துகொண்டிருந்தது, அதனால் திறந்து பார்க்கவில்லை." நீங்கள் எழுதிய செயலியில் விவசாயிக்குக் கொடுக்கும் ரசீதில் மொத்த எடை, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு, நிகர எடை என்று மூன்று எண்கள் வருகின்றன, நிகர எடையை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் எந்த விவசாயியும் ஏற்க மாட்டார். கிளவுட் பில்லிலும் அதே மூன்று எண்கள் இருக்கின்றன: பயன்பாட்டுக் கட்டணம், கிரெடிட் கழிவு, செலுத்த வேண்டியது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மூன்றாவதை மட்டும். முதலாவதுதான் உங்கள் தொழிலின் உண்மையான செலவு. ஏப்ரலுக்குப் பிறகு அது அப்படியே உங்கள் கையிலிருந்து போகும்.

அதைப் பார்ப்பது எளிது. செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தைத் திறந்து, வடிகட்டும் பகுதியில் சார்ஜ் டைப் என்பதில் கிரெடிட்டையும் ரீஃபண்டையும் விலக்கிவிட்டு, சேவை வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பூஜ்யமாக இருந்த வரைபடம் எழுந்து நிற்கும். கூகுள் கிளவுடில் இருப்பவர்கள் பில்லிங் அறிக்கையின் ஓரத்தில் சேவிங்ஸ் என்ற பிரிவில் சலுகைகளுக்கான குறியை எடுத்துவிட்டால் இதே கணக்கைப் பார்க்கலாம். அதன்பின் பட்ஜெட் எச்சரிக்கை ஒன்று வையுங்கள். ஆனால் பட்ஜெட் அமைக்கும்போதும் கிரெடிட்டை விலக்கும் குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் நிகரத் தொகை பூஜ்யத்திலேயே இருக்கும், எச்சரிக்கை மின்னஞ்சல் கிரெடிட் தீர்ந்த பிறகுதான் வரும், அப்போது அது எச்சரிக்கையே அல்ல. மேலும், பட்ஜெட் என்பது தகவல் சொல்லுமே தவிரத் தானாகச் செலவை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் அதற்குத் தனி நடவடிக்கையை அமைக்க வேண்டும். பில் கணக்கு உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதும் இல்லை, சில மணி நேரம் பின்தங்கியே வரும் என்பதால், நூறு சதவீதத்தில் ஒரே எச்சரிக்கை வைக்காமல் ஐம்பதிலும் எண்பதிலும் வைப்பது நல்லது.

இனி உங்கள் மொத்தச் செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சேவைப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். கிரெடிட் இருக்கும் காலத்தில் கண்ணில் படாமல் ஓடுபவை பெரும்பாலும் இவைதான்.

பெரியது நேட் கேட்வே, அதாவது உள் வலையமைப்பில் இருக்கும் சர்வர் இணையத்துக்குச் செல்லும் வாசல். இணையத்தில் கிடைக்கும் மாதிரி அமைப்புகளைப் பின்பற்றிக் கட்டும்போது இது தானாகவே வந்துவிடும். அமேசானின் தரவு மையங்கள் உள்ள மண்டலங்களில் ஒன்றான அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் இதற்கு மணிக்கு 0.045 டாலர், ஒரு மாதத்துக்கு 730 மணி என்று வைத்தால் ஒரு பைட் தரவுகூடப் போகாமலே 32.85 டாலர். அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் வேறு. உங்கள் சர்வர் இருக்கும் மும்பை மண்டலத்தில் விலை இதைவிடக் கூடுதல். உங்கள் அளவில், ஒரே ஒரு சர்வரும் ஒரு டேட்டாபேஸும் இருக்கும் இடத்தில், சர்வரை இணையத்தோடு நேரடியாக இணையும் பொதுப் பகுதியில் வைத்துப் பாதுகாப்பு விதிகளை இறுக்கமாக அமைத்தால் நேட் கேட்வே தேவையே இல்லை. நீங்கள் தரும் சேவைக்கு தேயிலை ஃபேக்டரிகள் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை இந்த ஒரு வரி தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்து பொது ஐபிவி4 முகவரி, அதாவது இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண். 2024 பிப்ரவரி 1 முதல், பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம், மாதத்துக்கு 3.65 டாலர். சோதனைக்காக எடுத்துவிட்டுத் திருப்பித் தராத முகவரிகள் உங்களிடம் இரண்டு இருக்கின்றன. சர்வரை நிறுத்தினால் செலவு நின்றுவிடும் என்று எண்ணுவதும் இப்படித்தான்: சர்வருக்கான மணிக் கட்டணம் நிற்கும், அதோடு இணைந்த வட்டுக்கும், நிலையாக ஒதுக்கிக்கொண்ட முகவரிக்கும் கட்டணம் தொடரும்.

டேட்டாபேஸ் விஷயத்தில் இன்னும் ஒரு நுணுக்கம். டிசம்பர், ஜனவரியில் உறைபனியால் இலை வரத்து குறையும்போது சோதனை டேட்டாபேஸை நிறுத்தி வைப்பதாக எழுதியிருந்தீர்கள். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் டேட்டாபேஸை நிறுத்தினால் ஏழு நாட்களுக்குப் பிறகு அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். பராமரிப்புப் புதுப்பிப்புகள் விடுபடாமல் இருக்க அந்தச் சேவை அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் நிறுத்தியதாக நினைத்த மாதங்களில் பெரும்பாலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நீண்ட காலம் வேண்டாம் என்றால் ஸ்னாப்ஷாட் (அந்நேரத்து நகல்) எடுத்துக்கொண்டு டேட்டாபேஸை நீக்கிவிடுங்கள். தேவைப்படும்போது ஸ்னாப்ஷாட்டிலிருந்து திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

நம் மலைக்கே உரிய ஒரு கசிவும் இருக்கிறது. கொள்முதல் மையங்களிலிருந்து எடைச் சீட்டின் படங்களும் இரவு நேரக் காப்புக் கோப்புகளும் எஸ்3 என்ற அமேசானின் கோப்புச் சேமிப்புக்குப் போகின்றன. கோடநாடு, கீழ் கோத்தகிரிப் பக்கங்களில் மேகம் இறங்கி மழை பிடித்தால் சிக்னல் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கோப்புகள் துண்டு துண்டாகப் பதிவேறும்போது பாதியில் இணைப்பு அறுந்தால், ஏறிய துண்டுகள் எஸ்3-இல் அப்படியே தங்கிவிடும். கோப்புப் பட்டியலில் அவை தெரியாது. ஆனால் சேமிப்புக் கட்டணம் உண்டு. மையங்கள் கூடக் கூட, மழைக்காலம் ஒவ்வொன்றுக்கும் இது சேர்ந்துகொண்டே போகும். முடிவுறாத பதிவேற்றங்களை ஏழு நாட்களில் நீக்கு என்று ஒரு லைஃப்சைக்கிள் விதியை (கால வரம்பு விதி) கோப்புகள் இருக்கும் அந்தப் பக்கெட்டில் (எஸ்3-இன் சேமிப்புப் பெட்டி) எழுதிவிட்டால் போதும். அதே நேரத்தில் சர்வரின் இயக்கக் குறிப்புகளைச் சேர்க்கும் கிளவுட்வாட்ச் பதிவுகளுக்கும் ஒரு கால வரம்பு கொடுங்கள். அங்கே ஆரம்ப அமைப்பு, பதிவுகளை ஒருபோதும் அழிக்காதே என்பதுதான். முப்பது நாட்கள் உங்களுக்குத் தாராளம்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஏப்ரலுக்குள் ஐந்நூறு டாலருக்கு மேல் இருக்கிறதே, வீணாகிவிடுமே என்று பெரிய சர்வருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெரிய சர்வரில் ஓடப் பழகிய மென்பொருளைச் சிறியதற்கு இறக்குவது, சிறியதில் ஓடுவதைப் பெரியதற்கு ஏற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். அந்தக் கடினமான வேலை ஏப்ரல் கடைசியில், கோடை மழைக்குப் பின் இலை வரத்து ஏறும் நேரத்தில், உங்கள் தலையில் வந்து விழும். கிரெடிட் காலாவதியாவதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆனால் அதைச் செலவழிப்பதற்காக மாதச் செலவை உயர்த்திக்கொண்டால் அந்த உயர்வு உங்களோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மாறாக, ஒருமுறை செய்தால் முடிந்துவிடுகிற, வருங்காலப் பில்லைக் குறைக்கிற வேலைகளில் கிரெடிட்டைச் செலவிடுங்கள். காப்புக் கோப்பிலிருந்து முழு அமைப்பையும் வேறொரு சர்வரில் மீட்டெடுத்துப் பாருங்கள். காப்பு எடுக்கிறவர்கள் பலர், மீட்டுப் பார்த்தவர்கள் சிலர். எல்லா மையங்களும் மாலை ஒரே நேரத்தில் எடையை அனுப்பினால் என்ன ஆகும் என்று போலிச் சுமை கொடுத்துச் சோதியுங்கள். அதற்கு ஒரு நாள் பெரிய இயந்திரங்களை எடுத்துவிட்டு மறுநாள் நீக்கிவிடலாம். ஆர்ம் வகைச் சில்லில் (பிராசசர்) ஓடும் சர்வர்களுக்கு உங்கள் மென்பொருளை மாற்றிப் பாருங்கள். வட வர்ஜீனியா விலையில் டி3 மைக்ரோ என்ற சிறிய சர்வர் மணிக்கு 0.0104 டாலர், ஆர்ம் வகையான டி4ஜி மைக்ரோ 0.0084 டாலர், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. மாற்றத்துக்கான சில வாரங்களில் இரண்டையும் இணையாக ஓட்ட வேண்டியிருக்கும், அந்த இரட்டைச் செலவைத் தாங்கத்தான் கிரெடிட் பொருத்தமானது. விலை குறைவு என்பதற்காக வட வர்ஜீனியாவுக்கே போய்விடலாமா என்று தோன்றக்கூடும். வெளியே போகும் தரவுக்கு மாதத்தின் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் அங்கே ஜிபிக்கு 0.09 டாலர், மும்பையில் 0.1093 டாலர் என்ற வித்தியாசம் உண்மைதான். ஆனால் பலவீனமான சிக்னலில் எடை போட்டுவிட்டு ரசீதுக்காகக் காத்து நிற்கும் விவசாயியை நினைத்தால், 2016 முதல் இயங்கும் மும்பையிலோ 2022-இல் வந்த ஐதராபாத்திலோ இருப்பதே சரி.

ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தமாகிய சேவிங்ஸ் பிளானை இப்போது எடுக்க வேண்டாம். முன்பணத்துக்குக் கிரெடிட் செல்லாது என்பது ஒருபுறம். உங்கள் உண்மையான தேவை என்னவென்று இன்னும் தெரியாத நிலையில் தவறான அளவுக்குக் கட்டுப்பட்டுவிடுவீர்கள் என்பதே முக்கியம். மேலே சொன்னவற்றை வெட்டிச் சீர்செய்து, வரத்து மிகுந்த ஒரு பருவத்தையும் கடந்த பிறகு அதை யோசிக்கலாம்.

கிரெடிட் தீரும் நாளில் என்ன நடக்கும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், இதைத் தெரிந்துகொள்வது அவசியம். கூகுள் கிளவுடில் புதியவர்களுக்கு 90 நாட்களுக்கு 300 டாலர் தருகிறார்கள்; நீங்களாக முழுக் கணக்குக்கு மாறாதவரை, அது முடிந்ததும் சேவைகள் நிற்குமே தவிர அட்டையில் பணம் எடுக்கப்படாது. மைக்ரோசாஃப்ட் அஸூரில் முதல் 30 நாட்களுக்கு 200 டாலர்; செலவு வரம்பு என்ற பூட்டு இருப்பதால் அங்கும் தொகை தீர்ந்தால் சேவைகள் முடக்கப்படும். அமேசானில் 2025 ஜூலை 15 முதல் தொடங்கும் புதிய கணக்குகளுக்கு 100 டாலரும், குறிப்பிட்ட சில பணிகளைச் செய்து முடித்தால் மேலும் 100 டாலர் வரையிலும் கிடைக்கிறது. அவர்கள் இலவசத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதத்திலோ தொகை தீர்ந்தவுடனோ கணக்கு மூடப்படும். உங்களுடையது கட்டணத் திட்டக் கணக்கு. அதில் எதுவும் நிற்காது. கிரெடிட் முடிந்த அடுத்த மணியிலிருந்து கட்டணம் உங்கள் பெயரில் ஏறும்.

அந்தக் கட்டணத்தை வசூலிக்கும் இடத்தில் இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி மூலம் ஒப்புதல் தர வேண்டும். பூஜ்யத்தில் இருந்த பில் ஒரே மாதத்தில் அந்த எல்லையைத் தாண்டினால், பணம் கழியாமல் நின்று, நினைவூட்டல் மின்னஞ்சல்கள் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போய், இறுதியில் கணக்கு முடக்கப்படும் நிலை வரலாம். பில்லிங் தொடர்புக்கு நால்வருமே பார்க்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். பில்லின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருவதையும் கணக்கில் சேருங்கள். ஜிஎஸ்டி எண் பெற்றவர்கள் அதை வரி அமைப்புப் பக்கத்தில் பதிந்துவிட்டால் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோரலாம், பதிவு பெறாதவர்களுக்கு அது முழுச் செலவு.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: வாங்காதீர்கள். சலுகைக் கிரெடிட்டை விற்பதும் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதும் நிபந்தனைகளில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. டெலிகிராம் குழுக்களில் பாதி விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிறர் பெயரில் திறந்த கணக்குகள். ஒரு நாள் கணக்கு மூடப்பட்டால், அதற்குள் இருக்கும் விவசாயிகளின் கொள்முதல் பதிவும் அதோடு போகும். அந்தப் பதிவை வைத்துத்தான் அவர்களுக்கு மாதப் பட்டுவாடா நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நேர்வழியில் கிடைப்பவை இருக்கின்றன. அமேசானின் ஆக்டிவேட், கூகுளின் ஸ்டார்ட்அப் திட்டம், மைக்ரோசாஃப்டின் ஸ்டார்ட்அப் திட்டம் ஆகியவற்றுக்கு உங்களைப் போன்ற குழு நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்களில் ஒருவர் இன்னும் கல்லூரியில் படிப்பதாகச் சொன்னீர்கள். அஸூர் மாணவர் திட்டத்தில் கடன் அட்டையே இல்லாமல் ஓராண்டுக்கு 100 டாலர் கிடைக்கும். அதைக் கற்றுக்கொள்ளவும் சோதிக்கவும் வைத்துக்கொள்ளலாம், விவசாயிகளின் உண்மையான தரவை அதில் ஏற்றக் கூடாது.

ஒரு தளத்தில் கிரெடிட் தீர்ந்ததும் அடுத்த தளத்துக்குத் தாவிக்கொண்டே போகலாமா என்றும் சிலர் நினைப்பார்கள். செய்ய முடியும், ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் உங்கள் நால்வரின் பல வார உழைப்பு போகும், அதற்குள் ஒரு மையத்தையாவது புதிதாகச் சேர்த்திருக்கலாம். உண்மையாகவே வெளியேற முடிவு செய்தால், தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2024-இன் தொடக்க மாதங்களில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், தங்களை விட்டு முழுவதுமாக வெளியேறுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்துவிட்டன. தரவை நகர்த்துவதற்கு முன்பே ஆதரவுப் பிரிவுக்கு எழுதி ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். நகர்த்திய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். முதலில் நேட் கேட்வேயையும் அந்த இரண்டு முகவரிகளையும் நீக்கிவிட்டு, அடுத்த மாதம் கிரெடிட் கழியாத மொத்தத் தொகையை எனக்கு அனுப்புங்கள். எந்த அளவு சர்வர் போதும் என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்கிறேன்.